கோஷ்டியை அடக்கப் பரப்பளவு போதுமா? மேடிசனின் பெரிய குடியரசு வாதம்

#1 ஏட்டுச்சுவடி

"நாடு பெரிதாக இருந்தால் கோஷ்டிகள் ஒன்றோடொன்று மோதித் தாமாகவே அடங்கிவிடும்." அமெரிக்க அரசியலமைப்பை வரைந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசனைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. 1787 நவம்பர் 22 அன்று நியூயார்க்கின் டெய்லி அட்வர்டைசர் பத்திரிகையில், 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரையில் இதைவிட நுணுக்கமான கணக்கு இருக்கிறது. புதிய அரசியலமைப்பை ஏற்கச் சொல்லி வாதாடிய, மொத்தம் 85 கட்டுரைகள் கொண்ட ஃபெடரலிஸ்ட் வரிசையில் அது 10ஆவது. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்த இழை.

வாதத்தின் எலும்புக்கூடு இது. கோஷ்டியின் காரணத்தை ஒழிக்க இரண்டே வழி: சுதந்திரத்தைப் பறிப்பது, அல்லது எல்லாருக்கும் ஒரே கருத்து, ஒரே நலன் என்று ஆக்குவது. முதலாவது நோயைவிடக் கொடிய மருந்து. தீக்குக் காற்று எப்படியோ கோஷ்டிக்குச் சுதந்திரம் அப்படி. தீயை அணைக்கிறோம் என்று காற்றையே நிறுத்த முடியாது. இரண்டாவது நடக்கவே நடக்காது. ஆகவே விளைவைத்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

கோஷ்டி சிறுபான்மை என்றால் வாக்கெடுப்பில் தோற்கும். பெரும்பான்மை என்றால்? அந்த வாக்கெடுப்பே அதன் கையில் ஆயுதம். இங்கே மேடிசன் இரண்டு பூட்டுப் போடுகிறார். ஒன்று, ஒரே வெறியோ நலனோ ஒரே நேரத்தில் பெரும்பான்மையிடம் எழாதபடி பார்ப்பது. அப்படியே எழுந்தாலும், அவர்கள் ஒன்றுகூடித் திட்டம் போட முடியாதபடி எண்ணிக்கையும் தொலைவும் தடுப்பது இரண்டாவது.

என் கேள்வி: இந்த இரண்டு பூட்டும் அமெரிக்க வரலாற்றில் எங்கே பிடித்தன, எங்கே கழன்றன? ஆண்டும் வாக்கு எண்ணிக்கையும் வைத்துப் பேசுவோம்.

#2 வழக்காடி

முதலில் சொல்லைத் தீர்த்துக்கொள்வோம். நம் வழக்கில் 'கோஷ்டி' என்றால் ஒரே கட்சிக்குள் இரண்டு தலைவர்களின் ஆட்கள் முட்டிக்கொள்வது. மேடிசனின் 'ஃபேக்ஷன்' அது மட்டும் இல்லை. குடிமக்களில் ஒரு பகுதியினர், பெரும்பான்மையானாலும் சரி சிறுபான்மையானாலும் சரி, ஒரு பொதுவான வெறியாலோ நலனாலோ ஒன்றுசேர்ந்து, பிறர் உரிமைக்கோ சமூகத்தின் நிலையான நலனுக்கோ எதிராக இயங்கினால் அது கோஷ்டி. 51 சதவீதம் என்ன, 90 சதவீதம் பேர் சேர்ந்தாலும் கோஷ்டியாக இருக்கலாம். இந்த இழையில் அந்தப் பொருளிலேயே வைத்துக்கொள்வோம்.

தமிழில் இன்னொரு வசதி இருக்கிறது. 'கட்சி' என்ற சொல் நம் நீதிமன்றத்தில் இன்றும் வழக்கின் ஒரு தரப்பைக் குறிக்கிறது. வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காகத்தான் வாதாடுகிறார். மேடிசன் வாதத்தின் நடு ஆணியும் இதுதான். தன் வழக்கில் தானே நீதிபதியாக எவரையும் விடுவதில்லை. ஆனால் சட்டமன்றத்தில் கடன் சட்டம் வரும்போது ஓட்டுப் போடுகிறவர்கள் யார்? ஒரு பக்கம் கடன் கொடுத்தவர்கள், மறுபக்கம் வாங்கியவர்கள். இறக்குமதி வரி வந்தால் பட்டறைக்காரர் ஒரு பக்கம், நிலக்காரர் ஒரு பக்கம். கட்சிக்காரர்களே நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல தலைவர் வந்து நடுநிலை பார்ப்பார் என்ற நம்பிக்கையையும் அவர் ஒரே வரியில் வெட்டிவிடுகிறார்: தெளிந்த அறிவுள்ளவர்களே எப்போதும் சுக்கான் பிடிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

கோஷ்டிக்கு மிக நீடித்த காரணம் சொத்து சமமில்லாமல் பகிர்ந்து கிடப்பது என்று எழுதியவரும் அவர்தான். மார்க்ஸ் பிறப்பதற்கு 31 ஆண்டுகள் முன்பு.

#3 கடல்துறை

அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் காகிதப் பணம், கடன் ரத்து, சொத்தைச் சமமாகப் பிரிப்பது என்று ஒரு பட்டியல் வரும். காகிதப் பணம் என்று அவர் எழுதியபோது வாசகர்களுக்கு உடனே நினைவுக்கு வந்திருக்கக்கூடிய இடம் ரோட் ஐலண்டு. அங்கே நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் 'சிறிய குடியரசு' என்றால் என்ன பயம் என்று புரியும்.

1786 வசந்தகாலத் தேர்தலில் கிராமப்புறக் கட்சி ஜெயித்தது. உடனே ஒரு லட்சம் பவுண்டு காகிதப் பணம் அச்சிட்டார்கள். நிலத்தை அடமானம் வைத்தால் கடன். நிலத்தின் மதிப்பு கடனைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 4 சதவீத வட்டி. இதுவரை சரி, பல மாநிலங்கள் முன்பே செய்து பார்த்த முறைதான். கெட்டது அடுத்த படியில். காகிதத்தின் மதிப்பு இறங்க ஆரம்பித்ததும், அதை முழு மதிப்புக்கு வாங்க மறுத்தால் 100 பவுண்டு அபராதம் என்று சட்டம் போட்டார்கள். விசாரணை தனி அமர்வில், ஜூரி கிடையாது. பழைய கடனை அடைக்க இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கடன் கொடுத்தவர் காகிதத்தை வாங்க மறுத்தால், கடனாளி அதை நீதிபதியிடம் கட்டிவிடலாம். நீதிபதி பத்திரிகையில் அறிவிப்புக் கொடுப்பார். அப்புறமும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை என்றால் கடன் தீர்ந்தது.

நியூபோர்ட்டில் ஜான் வீடன் என்ற இறைச்சிக் கடைக்காரர் இறைச்சிக்குக் காகிதப் பணம் வாங்க மறுத்தார். வாங்க வந்த ஜான் டிரெவெட் வழக்குப் போட்டார். 1786 செப்டம்பரில் நீதிமன்றம் இந்தப் புகார் தன் விசாரணைக்கு உட்பட்டதல்ல என்று தள்ளிவிட்டது. அதற்குச் சட்டமன்றம் என்ன செய்தது? நீதிபதிகளையே கூப்பிட்டு விளக்கம் கேட்டது. பதவிக்காலம் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோருக்கு மறுநியமனம் இல்லை.

கவனியுங்கள்: இதில் யாரும் சதி செய்யவில்லை. முறையான தேர்தல், முறையான பெரும்பான்மை, முறையான சட்டம். சிறிய மாநிலம் என்பதால் ஒரே ஒரு நலன் சட்டமன்றத்தையும் நீதிபதிகளின் பதவிக்காலத்தையும் ஒரே ஆண்டில் கைக்குள் கொண்டுவர முடிந்தது.

#4 உப்பளம்

ரோட் ஐலண்டு சரி. ஆனா அதே 1786ல பக்கத்து மாசசூசெட்ஸைப் பாருங்க, கதை தலைகீழ். அங்க சட்டமன்றம் போர்க்கடன் பத்திரம் வச்சிருந்தவங்க பக்கம் நின்னுச்சு. பத்திரத்துக்கு வட்டி கொடுக்க விவசாயி மேல வரி போட்டாங்க, வரியையும் நாணயமாத்தான் கட்டணும்னாங்க. மேற்குப் பக்கக் கிராமங்கள்ல நாணயமே புழக்கத்துல இல்ல. நிலம் ஏலத்துக்குப் போச்சு, கடனாளிங்க சிறைக்குப் போனாங்க. அதனால ஆகஸ்ட் 29ஆம் தேதி நார்தாம்ப்டன்ல கூட்டமாப் போய் நீதிமன்றத்தை நடக்கவிடாம நிறுத்தினாங்க. இதுக்குத் தலைமை தாங்கினவங்கள்ல ஒருத்தரான டேனியல் ஷேஸ் புரட்சிப் போர்ல கேப்டனா இருந்தவரு. 1787 ஜனவரி 25, ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்குல பீரங்கி சுட்டதுல 4 பேர் செத்தாங்க. அடக்க வந்த படைக்குப் பணம் கொடுத்தது பாஸ்டன் வியாபாரிங்க.

இதுல கோஷ்டி யாரு? மேடிசன் பட்டியல்ல கடன் ரத்து கேட்டவங்கதான் இருக்காங்க, பத்திரக்காரங்க இல்ல. அவர் சொன்ன 'சிறுபான்மைக் கோஷ்டி' இந்தப் பத்திரக்காரங்கதானே?

#5 கடல்துறை

உப்பளம் சொல்வது நியாயம். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1787 வசந்தகாலத் தேர்தலில் ஆளுநர் பௌடன் படுதோல்வி அடைந்தார். ஜான் ஹான்காக் வந்தார். புதிய சட்டமன்றம் வரியைத் தளர்த்தியது. சிறுபான்மைக் கோஷ்டியை வாக்கு வெளியேற்றும் என்று மேடிசன் சொன்னது அங்கே நடந்தது. ஆனால் தேர்தல் வருவதற்குள் நிலம் போனவர்களுக்கு அது திரும்பவில்லை.

#6 மனக்கணக்கு

பரப்பளவு வாதத்தில் ஒரு கணக்குப் பிழை எப்போதும் ஒளிந்திருக்கிறது. எண் போட்டுக் காட்டுகிறேன்.

1,000 வாக்காளர் கொண்ட ஓர் ஊர். 600 பேர் கடனாளிகள். ஒரே வாக்கெடுப்பில் கடன் ரத்து. இப்போது இதுபோல 10 ஊர்களை இணைக்கிறோம். ஒவ்வொன்றிலும் 600 கடனாளிகள் என்றால் மொத்தம் 10,000க்கு 6,000. அதே 60 சதவீதம். நாடு பத்து மடங்கு பெருத்தது. பெரும்பான்மைக் கோஷ்டி ஒரு மயிரிழைகூட இளைக்கவில்லை.

இன்னொரு வகை: முதல் ஊரில் 600 மீனவர், அடுத்ததில் 600 புகையிலைக்காரர், அதற்கடுத்ததில் 600 கப்பல் கட்டுவோர் என்று ஊருக்கு ஊர் வேறு வேறு பெரும்பான்மை. இணைத்தால் ஒவ்வொரு கூட்டமும் வெறும் 6 சதவீதம். 5,001 வாக்குச் சேர்க்க எட்டுக் கூட்டம் போதாது (4,800தான் ஆகிறது), ஒன்பது வேண்டும். ஒன்பது தலைவர்கள் ஒருவரோடொருவர் பேசி முடிக்க 36 உடன்பாடுகள். ஒவ்வொரு உடன்பாட்டிலும் கோரிக்கையின் கூர்முனை கொஞ்சம் மழுங்கும். கடைசியில் மிஞ்சுவது எல்லாரும் தாங்கக்கூடிய ஒன்று.

ஆக வேலை செய்வது பரப்பளவு இல்லை, பன்மை. பரப்பளவு பெருகும்போது பன்மையும் பெருகும் என்பது பெரும்பாலும் உண்மை, எப்போதும் உண்மை இல்லை. மேடிசனின் முதல் பூட்டு இந்த இரண்டாவது வகையில் மட்டும்தான் பிடிக்கும்.

#7 ஏட்டுச்சுவடி

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அவருக்கு இரண்டாவது பூட்டு தேவைப்பட்டது: கடனாளிகள் எங்கும் 60 சதவீதமாகவே இருந்தாலும் ஒருவரையொருவர் அறியாமல், நம்பாமல் இருப்பார்கள். நியாயமில்லாத காரியத்துக்குச் சேரும்போது நம்பிக்கை தேவை. ஆள் கூடக்கூட நம்பிக்கை குறையும் என்பது அவர் கணக்கு.

எதிர்வாதத்தையும் வைக்கிறேன். 'புரூட்டஸ்' என்ற புனைபெயரில் 1787 அக்டோபர் 18 அன்று நியூயார்க் ஜர்னலில் வந்த கட்டுரை, மேடிசனுக்கு ஒரு மாதம் முந்தியது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூவைத் துணைக்கு அழைத்து, குடியரசு சிறிய நிலப்பரப்பில்தான் நிலைக்கும் என்கிறது. பெரிய நாட்டில் பழக்கவழக்கம் வேறு, பயிர் வேறு, தட்பவெப்பம் வேறு. பிரதிநிதிகள் ஓயாமல் மோதிக்கொண்டு எதையும் முடிக்க மாட்டார்கள். மக்களுக்குத் தங்கள் பிரதிநிதியின் முகமே தெரியாது. சட்டத்தை நிறைவேற்றக் கடைசியில் ராணுவம்தான் வர வேண்டும். புரூட்டஸ் நோய் என்று சொன்ன அதே வேற்றுமையைத்தான் மேடிசன் மருந்து என்றார். விதை அவருடையது மட்டும் இல்லை. பெரிய நாட்டில் குடியரசை அமைப்பது கடினம், அமைத்துவிட்டால் நிலைப்பது எளிது என்று ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் முன்பே எழுதியிருந்தார்.

மூன்றாவது பாகம் ஒன்றும் இருக்கிறது, சல்லடை. தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் வழியாக மக்கள் கருத்து சலிக்கப்படும் என்பது. என் பார்வையில் கட்டுரையின் மெலிந்த பாகம் இதுதான். சூழ்ச்சிக்காரரும் அதே சல்லடை வழியே வந்து மக்களைக் காட்டிக்கொடுக்கலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிறகு, பெரிய தொகுதியில் ஏமாற்று வித்தை எடுபடாது என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்.

#8 மனக்கணக்கு

சல்லடையின் கண் எவ்வளவு பெரிது என்பதற்கு எண். அரசியலமைப்பை எழுதிய பிலடெல்பியா மாநாட்டின் வரைவில் 40,000 பேருக்கு ஒரு பிரதிநிதி. கடைசி நாள், 1787 செப்டம்பர் 17 அன்று, ஜார்ஜ் வாஷிங்டன் பேசி 30,000 ஆக்கினார்கள். 30,000 பேருக்கு ஒருவருக்கு மேல் கூடாது என்பதுதான் அரசியலமைப்பின் வாசகம். ஒருவராவது வேண்டும் என்று அது சொல்லவில்லை. பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். முதல் அவையில் 65 இடங்கள். 1913 முதல் 435. 2020 கணக்கெடுப்பின்படி ஒரு பிரதிநிதிக்குச் சராசரி 7,61,169 பேர்.

முகம் தெரியாத பிரதிநிதி என்று புரூட்டஸ் பயந்ததைப் போல 25 மடங்கு இன்றைய நிலை.

#9 தபால்தலை

இரண்டாவது பூட்டை உடைத்தது யார் தெரியுமா? மேடிசனேதான்.

1790இல் நிதித்துறைச் செயலர் ஹாமில்டனின் கடன் திட்டம் வந்தது. போர்க்கடன் பத்திரங்களைப் படைவீரர்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்தவர்களுக்கு முழு மதிப்பும் கொடுப்பது என்று. மூலச் சொந்தக்காரருக்கும் பங்கு வேண்டும் என்று மேடிசன் கொண்டுவந்த திருத்தம் பிப்ரவரியில் 36க்கு 13 என்று தோற்றது. (உப்பளம் கேட்ட பத்திரக்காரர் கேள்விக்கு இதுவும் ஒரு பதில். அவர்களையும் ஒரு கோஷ்டியாக அவர் காலம் தாழ்ந்தாவது கண்டுகொண்டார்.) சிறுபான்மை வாக்கில் தோற்கும் என்றவர் கண்ணெதிரே சிறுபான்மை ஜெயித்தது. பாதிக்கப்பட்டவர்கள் மாநிலம் மாநிலமாகச் சிதறிக் கிடந்தார்கள். பத்திரம் வைத்திருந்தவர்கள் அவை கூடிய நகரத்திலேயே இருந்தார்கள். பெரிய குடியரசின் தொலைவு நல்லவர்களையும் சேரவிடாது என்பது இங்கேதான் வெளிப்பட்டது.

அடுத்த ஆண்டு மேடிசனும் ஜெஃபர்சனும் பிலிப் ஃபிரெனோவை ஆசிரியராக வைத்து நேஷனல் கெசட் பத்திரிகையைக் கிளப்பினார்கள். 1791 டிசம்பரில் அதில் மேடிசன் எழுதுகிறார்: நல்ல சாலை, உள்நாட்டு வணிகம், சுதந்திரமான அச்சு, நாடெங்கும் பத்திரிகை சுற்றிவருவது எல்லாம் நாட்டின் எல்லையைச் சுருக்குவதற்குச் சமம், அது சுதந்திரத்துக்கு நல்லது. 1787இல் தொலைவு காவல்காரன். நான்கு ஆண்டில் தொலைவு தடைக்கல்.

1792 தபால் சட்டத்தைப் பாருங்கள். கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட். பத்திரிகைக்கு 100 மைல் வரை 1 சென்ட், அதற்கு மேல் ஒன்றரை. தனிமனிதர் பேசிக்கொள்ளும் செலவு அப்படியே இருக்க, கட்சி பேசும் செலவு அடிமட்டத்துக்கு இறங்கியது. மனக்கணக்கின் 36 உடன்பாடுகளுக்கு வேலையே இல்லை. ஒரே தலையங்கம் ஒன்பது ஊருக்கும் போகிறது. 1800இல் ஜெஃபர்சனின் கட்சி தேசிய அளவில் ஜெயித்தது இந்தப் பாதையில்தான்.

#10 உப்பளம்

அப்ப 10ஆம் கட்டுரை நாலே வருசத்துல செத்துப்போச்சுன்னு அர்த்தமா?

#11 வழக்காடி

இல்லை. இரண்டாவது பூட்டு போனது. முதல் பூட்டு, பன்மை, கட்சிக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டது. வர்ஜீனியா தோட்ட முதலாளி, பென்சில்வேனியா சிறு விவசாயி, நியூயார்க் கைவினைஞர் மூவரையும் ஒரே கூடாரத்தில் வைத்திருக்க வேண்டும் என்றால் கட்சி எதையும் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது. கூட்டணி பேரம் அவைக்கு வெளியே, கட்சி மாநாட்டில் நடக்கிறது. அவ்வளவுதான் மாற்றம்.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது இயந்திரத்தில் வைக்கப்படாமலே போன ஒரு உறுப்பு. ரோட் ஐலண்டில் தப்புச் செய்தது மாநிலச் சட்டமன்றம். மத்தியில் பன்மை இருந்து என்ன பயன், மாநிலப் பெரும்பான்மையை அது தொட முடியாவிட்டால்? மேடிசனுக்கு இது நன்றாகத் தெரியும். மாநிலச் சட்டம் எதையும் ரத்து செய்யும் அதிகாரம் மத்திய அவைக்கு வேண்டும் என்பது அவர் திட்டம். 1787 ஜூலை 17 அன்று மாநாடு அதை நிராகரித்தது: 3 மாநிலம் ஆதரவு, 7 எதிர்ப்பு. முந்தின நாள்தான் மேலவையில் மாநிலங்களுக்குச் சம வாக்கு என்ற ஏற்பாட்டிலும் அவர் தோற்றிருந்தார். அக்டோபர் 24 அன்று பாரிஸிலிருந்த ஜெஃபர்சனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இந்த ரத்து அதிகாரத்துக்காகத்தான் பெரிய குடியரசு வாதத்தையே விரிக்கிறார். அடுத்த மாதம் அதே வாதம் பத்திரிகையில், அந்த உறுப்பு இல்லாத அரசியலமைப்புக்கு ஆதரவாக வருகிறது.

பதிலுக்குக் கிடைத்தது முதல் சரத்தின் 10ஆம் பிரிவு: மாநிலங்கள் காகிதப் பணம் வெளியிடக் கூடாது, பொன் வெள்ளி நாணயம் தவிர எதையும் கடனுக்கு ஈடாக ஏற்கச் செய்யக் கூடாது, ஒப்பந்தக் கடப்பாட்டைக் கெடுக்கக் கூடாது. அதாவது கடன் கொடுத்தவருக்குக் காவல் கிடைத்தது. மாநிலத்துக்குள் இருக்கும் மற்றச் சிறுபான்மையருக்குக் கிடைக்கவில்லை.

#12 உப்பளம்

அந்த 'மற்றச் சிறுபான்மையர்' யாருன்னு பேரைச் சொல்லணும். 1790 கணக்கெடுப்புல 39 லட்சம் பேர்ல கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் அடிமைங்க. 1787 ஜூன் 6ஆம் தேதி மாநாட்டுல மேடிசன் எழுந்து, வெறும் நிற வேறுபாடே மனுசன் மேல மனுசன் செலுத்தின ஆகக் கொடிய ஆதிக்கத்துக்குக் காரணமா இருக்குன்னு பெரும்பான்மைக் கொடுமைக்கு உதாரணமாச் சொன்னாரு. தெரிஞ்சே சொன்னாரு. அவர் வீட்டுலயே நூறு பேருக்கு மேல அடிமைங்க. சாகும்போது உயில்லகூட விடுவிக்கல.

பெரிய குடியரசு இதுல என்ன செஞ்சது? 1836ல இருந்து 1844 வரைக்கும் அடிமைமுறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்கவே கூடாதுன்னு கீழவை வாய்ப்பூட்டு விதி வச்சிருந்தது. தெற்கு உறுப்பினர் மட்டும் போட்டா அது நிறைவேறியிருக்காது. கட்சி உடையக் கூடாதுன்னு வடக்கு டெமாக்ரட்டுகளும் கூட நின்னாங்க. வழக்காடி சொன்ன அதே 'பல நலன் ஒரே கூடாரம்' இங்க அநியாயத்தைத்தான் காப்பாத்துச்சு. நீதிக்கும் பொதுநலனுக்கும் இல்லாம வேற எதுக்கும் பெரிய நாட்டுல பெரும்பான்மை சேர்றது அபூர்வம்னு 51ஆம் கட்டுரையில எழுதினதுக்கு இதைவிட நேரான மறுப்பு வேணாம்.

#13 கடல்துறை

மறுக்க முடியாது. தளத்தை மட்டும் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். ஓட்டுரிமையே இல்லாதவர் கோஷ்டிக் கணக்கில் நலனாக எண்ணப்படுவதில்லை. கூட்டணி சேர்க்க அவரிடம் யாரும் வருவதில்லை. பன்மை வேலை செய்ய முதல் நிபந்தனை, எல்லாக் கூட்டமும் ஆட்டத்தில் இருக்க வேண்டும்.

அந்த நிபந்தனை நிறைவேறியபோது வாதம் உயிர் பெற்றதும் வரலாறுதான். மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்காளர் பதிவு 1965 சட்டத்துக்கு முன் 6.7 சதவீதம். மாநிலத்துக்குள் எத்தனை தேர்தல் நடந்தாலும் அது மாறியிருக்காது. மாற்றியது நாடளாவிய பெரும்பான்மை. 1964 ஜூன் 10 அன்று மேலவையான செனட்டில், பேசியே வாக்கெடுப்பைத் தடுக்கும் இழுத்தடிப்பு 71க்கு 29 என்று முறிக்கப்பட்டது. சிவில் உரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டம். 1967இல் மிசிசிப்பியின் அதே பதிவு 59.8 சதவீதம். சிறு வட்டத்தின் பெரும்பான்மையைப் பெரு வட்டம் அடக்கியது. மாநிலங்கள் மக்களின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்ற 1868இன் 14ஆவது திருத்தம் மூலம்தான் மேடிசன் கேட்ட உறுப்பு, வேறு வடிவில், இயந்திரத்துக்குள் வந்தது.

#14 தென்னங்கீற்று

இதே வாதம் நம் அரசியல் நிர்ணய சபையிலும் ஒலித்தது. 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அரசியலமைப்பின் அடித்தளமாக வைக்கவில்லை என்ற குறைக்குப் பதில் சொன்னார். இந்தியக் கிராமங்களைச் 'சிறு குடியரசுகள்' என்று ஆங்கிலேய அதிகாரி மெட்காஃப் புகழ்ந்ததை எடுத்துக் காட்டிவிட்டு, கிராமம் என்பது குறுகிய ஊர்ப்பற்றின் சாக்கடை, அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் குகை என்றார். வரைவு கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்ததில் மகிழ்ச்சி என்றார். அதே மாதம் 22ஆம் தேதி சென்னை மாகாணத்தின் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் பஞ்சாயத்து நெறிமுறைக் கோட்பாடாக, இன்றைய 40ஆவது சரத்தாக, உள்ளே வந்தது.

ஆனால் மேடிசனிடம் இல்லாத ஒரு வேறுபாட்டை அம்பேத்கர் சேர்க்கிறார். அரசியல் பெரும்பான்மை உருவாவது, கலைவது. அதன் கதவு திறந்திருக்கும். வகுப்புப் பெரும்பான்மை பிறப்பால் வருவது. கதவு மூடியே இருக்கும். மனக்கணக்கின் முதல் உதாரணம் இதுதான்: எல்லா ஊரிலும் அதே 60 சதவீதம்.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1996 முதல் 2006 வரை வேட்பு மனுவே விழாது, அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். தடுக்கச் சட்டம் எதுவும் இயற்ற வேண்டியிருக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும், யார் வயலில் யார் வேலை செய்கிறார் என்பதும் தெரியும், அதுவே போதும். ஊருக்கு வெளியே இருந்த அரசு தலையிட்ட பிறகே 2006இல் தேர்தல் முறையாக நடந்தது.

#15 மனக்கணக்கு

எதிர்த்திசைப் பழுதையும் பதிவு செய்கிறேன். சிறுபான்மைக் கோஷ்டிக்கு வாக்கே மருந்து என்றவர், அதே பத்தியில் அது நிர்வாகத்தை முடக்கலாம், சமூகத்தை உலுக்கலாம் என்றும் சேர்த்திருக்கிறார். அந்த முடக்கம்தான் இன்று நோய். 1790இல் வர்ஜீனியாவில் 7,47,610 பேர், டெலவேரில் 59,096; ஏறத்தாழ 12.6 மடங்கு. 2020இல் கலிஃபோர்னியா 3,95,38,223, வயோமிங் 5,76,851. 68 மடங்குக்கு மேல். ஒவ்வொரு மாநிலத்துக்கும் செனட்டில் இரண்டே வாக்கு. அதன் மேல் விவாதத்தை முடிக்க 100இல் 60 வேண்டும் என்ற விதி. இது அரசியலமைப்பில் இல்லை, செனட் தானே வைத்துக்கொண்டது. ஆக 41 பேர் நிறுத்தலாம்.

சர்க்கரை இறக்குமதிக் கட்டுப்பாட்டைப் பாருங்கள். லாபம் சில ஆயிரம் உற்பத்தியாளருக்கு. செலவு முப்பது கோடிக்கு மேற்பட்டவர் தலையில் ஆளுக்குக் கொஞ்சமாக. அந்தக் கொஞ்சத்துக்காக யாரும் தலைநகருக்குப் பஸ் ஏற மாட்டார்கள்.

#16 ஏட்டுச்சுவடி

இதுவரை வந்ததை வைத்து, ஒரு நாட்டுக்கோ கூட்டமைப்புக்கோ மேடிசன் வாதம் பொருந்துமா என்று சோதிக்க வேண்டியவர்களுக்கு ஒரு முறை சொல்கிறேன்.

கட்சிகளை எண்ணாதீர்கள், கோரிக்கைகளை எண்ணுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது. பிறகு வாக்காளர்களைத் தொழில், கடன், மதம் அல்லது சாதி, மொழி என்று தனித்தனி வரிசையில் பிரித்து எழுதிப் பாருங்கள். எல்லா வரிசையிலும் அதே ஆட்களே ஒரே பக்கம் விழுந்தால் பரப்பளவு உதவாது. 1861இல் அமெரிக்கா உடைந்தது அப்படிப்பட்ட கோட்டில்தான். வரிசைக்கு வரிசை ஆள் மாறினால் முதல் பூட்டு பிடிக்கும். அடுத்து, அந்தக் கோரிக்கை எந்தத் தளத்தில் முடிவாகிறது என்று பாருங்கள். மேலே தோற்கக்கூடியது கீழே ஜெயிக்கும் என்றால், தோற்றவர் மேலே போக வழி உண்டா? கடைசியாக, நிறைவேற்ற எத்தனை வாக்கு என்பதோடு நிறுத்த எத்தனை வாக்கு என்றும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அகலமானால் ஆள்வது பெரும்பான்மைக் கோஷ்டி இல்லை, சிறுபான்மைக் கோஷ்டி.

ஒன்றுகூடும் வேகத்தை நான் இதில் சேர்க்கவில்லை. 1792 முதலே அந்தப் பூட்டு திறந்துதான் கிடக்கிறது.

#17 தபால்தலை

வழக்காடி சொன்ன விடுபட்ட உறுப்புக்கு நடுவில் ஒரு முயற்சி நடந்தது. அது இழையில் வரவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முதல் தேர்தலில் மேடிசனைத் தோற்கடிக்க, வர்ஜீனியா சட்டமன்றத்தில் அரசியலமைப்பை எதிர்த்த பேட்ரிக் ஹென்றியின் ஆட்கள், அவருடைய ஆரஞ்ச் மாவட்டத்தை அரசியலமைப்புக்கு எதிரான மாவட்டங்களோடு சேர்த்துத் தொகுதி வரைந்தார்கள். எதிரே நின்றவர் ஜேம்ஸ் மன்றோ. அங்கே சிறுபான்மைச் சபையான பாப்டிஸ்டுகளுக்கு மத உரிமைத் திருத்தம் கொண்டுவருவதாக மேடிசன் வாக்குக் கொடுத்தார். 1789 பிப்ரவரி 2 அன்று 1,308க்கு 972 என்று ஜெயித்தார்.

ஜூன் 8 அன்று உரிமைத் திருத்தங்களைக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்று மாநிலங்களையே கட்டுப்படுத்தியது: மனச்சாட்சி உரிமை, அச்சுச் சுதந்திரம், குற்ற வழக்கில் ஜூரி மூன்றையும் எந்த மாநிலமும் மீறக் கூடாது. முழுப் பட்டியலிலும் மதிப்புமிக்கது இதுவே என்று அவர் வாதாடினார். கீழவை நிறைவேற்றியது. செனட் நீக்கியது. செனட்டர்களை அன்று தேர்ந்தெடுத்தவை மாநிலச் சட்டமன்றங்கள்.